பதினொன்றாம் தாள்

அன்று காலை கடையில் இருந்தவர்கள் ஆறு பேர். மடிப்பு மேசைக்குப் பின்னால் பெரியவர். மாடிப்படிக்குக் கீழே, பட்டன் தைத்துக்கொண்டு அவர் மனைவி. மூட்டைகளை வண்டியில் ஏற்ற வந்த மகன். குறி போடும் மையும் கையுமாக மருமகள். இஸ்திரிப் பலகையில் ஆவி. கல்லாவுக்கு அந்தப் பக்கம், கையில் ஒரு கத்தைத் தாளோடு பல் டாக்டர். ஏழாவதாகத் தானும் நின்று எல்லாவற்றையும் கேட்டதாக ரொட்டிக் கடைக்காரர் இன்றைக்கும் சொல்லிவருகிறார். அவர் அங்கே இல்லை. அந்த நேரத்தில் அவர் அடுப்பை விட்டு நகர முடியாது என்பது தெருவுக்கே தெரியும்.

ஆவி என்பது பட்டப்பெயர். முப்பத்தாறு வருடமாக நீராவிக்குள் நிற்கிற மனிதரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். செத்த பிறகு பேர் மாற்றுகிற வேலை மிச்சம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அந்தத் தாள்கள் எப்படி டாக்டர் கைக்குப் போயின என்பதற்கு முதலில் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சலவைக் கடை பெரியவரின் அப்பா வைத்தது. துணி வந்ததும் குறி போடுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண், காலரின் உள்பக்கம், அழியாத மையில். பிறகு ஊறல், அலசல், கஞ்சி, உலர்த்தல், இஸ்திரி, கடைசியில் மடிப்பு. மடிப்பு பெரியவர் கைக்கு மட்டும். ஏழு அடி மேசையில் நான்கு போர்வையை விரித்து, மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டியிருப்பார். அந்த மேசையை வேறு யாரும் தொடக் கூடாது. சட்டையைக் குப்புறப் போட்டு, முதுகில் ஒரு கெட்டித் தாளை வைத்து, இரண்டு பக்கமும் கொண்டுவந்து, கையை மடக்கித் திருப்பினால், சட்டை நேற்றுத் தைத்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். துவைப்பதை எவனும் பார்க்கமாட்டான், மடிப்பைத்தான் பார்ப்பான் என்பது அவர் பேச்சு. கடையின் மானம் அந்தக் கெட்டித் தாளில் நிற்கிறது என்று நம்புகிறவர்.

வீட்டுத் துணியும் அதே தொட்டியில்தான் ஊறும். அதனால் வீட்டாருக்கும் எண் உண்டு. ஒன்று பெரியவரின் அப்பா, இரண்டு அம்மா. இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மூன்று பெரியவர். ஐந்து அவர் மனைவி. ஆறு மகன். மருமகள் வந்தபோது அவளுக்கு ஏழு போட்டார்கள். குறி மேசையில் உட்கார்ந்த முதல் நாளே அவள் கேட்டாள், நான்கு யார் என்று. யாரும் இல்லை என்றாள் மாமியார். செத்தவர்களின் எண்ணைக்கூடப் பேர் சொல்லிக் காட்டியவள், நான்குக்கு மட்டும் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிட்டாள்.

மருமகள் நாவல் எழுதியது அந்தக் குறி மேசையில்தான். மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவே, மீந்துபோன அட்டைகளின் பின்பக்கத்தில், நான்கு வருடம். எந்தப் பதிப்பகமும் பதில் போடாததால் தன் சேமிப்பில் தானே முந்நூறு பிரதி அச்சடித்தாள். புத்தகக் கடைக்காரர் பத்து வாங்கி, காலண்டர்களுக்குப் பின்னால் வைத்தார். சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு, "படிக்கணும் படிக்கணும்" என்று பார்க்கும்போதெல்லாம் சொன்னார்கள். மீதி, அட்டைப் பெட்டிகளில் மாடிப்படிக்குக் கீழே கிடந்து நீராவி குடித்தது. சலவைக் கடை வைத்திருக்கிற ஒரு குடும்பத்தின் கதை என்று மகன் சொன்னபோது, நம் குடும்பமா என்று பெரியவர் கேட்டார். இல்லை என்றான். நீ படித்தாயா என்று கேட்டார். அதற்கு அவன் வண்டியைக் கழுவப் போய்விட்டான்.

யோசனை பிறந்தது ஒரு மழைக்காலத்தில். கெட்டித் தாள் கிடைக்காமல், அச்சகத்தில் கழித்துப்போட்ட பள்ளிக்கூட வினாத்தாளை வாங்கிச் சட்டைக்குள் வைத்தார்கள். அடுத்த வாரம் பஸ் கண்டக்டர் ஒன்பது கேள்விக்கு விடை எழுதி, மார்க் போடச் சொல்லித் திருப்பிக் கொண்டுவந்தார். எல்லோரும் சிரித்தார்கள். மருமகள் சிரிக்கவில்லை. சட்டைக்குள் இருப்பதை மனிதர்கள் படிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

நாவலின் முதல் பதினைந்து அத்தியாயங்களை, தாளுக்கு ஒன்றாக, இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் அச்சடித்து வந்தாள். வாரத்துக்கு ஓர் அத்தியாயம். ஒவ்வொரு மூட்டையிலும் மேல் சட்டைக்குள் ஒரு தாள், மற்றவற்றுக்கு வழக்கமான வெள்ளைத் தாள். பதினைந்துக்கு மேல் வேண்டுமானால் புத்தகம் வாங்க வேண்டும். பெரியவர் மூன்று நாள் தாளைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். தாளின் கனம் சரியாக இருந்தது. திங்கட்கிழமை தோறும் அந்த வாரத்துக்கான இருநூறு தாள் அவர் மேசை ஓரத்தில் வந்து உட்கார்ந்தது.

முதல் மூன்று வாரம் ஒன்றுமில்லை. நான்காம் வாரம் பஸ் கண்டக்டர் மடிப்புக் கலையாத சட்டையைத் துவைக்கப் போட்டார். அழுக்கே இல்லையே என்றதற்கு, இருக்கட்டும், துவையுங்கள் என்றார். நர்சுகள் விடுதியிலிருந்து ஒரே ஒரு சட்டை வந்தது, ஆறு பேர் சேர்ந்து அனுப்பியது. பல் டாக்டர் தாள்களை ஒரு கயிற்றில் கோத்து, தன் காத்திருப்பு அறையில் தொங்கவிட்டார். வாயைத் திறக்கச் சொன்னால், இருங்கள் டாக்டர், இந்தப் பக்கம் முடியட்டும் என்கிறார்களாம். கல்லாவில் வந்து நின்று, கதையில் வருகிற தொட்டிக்காரக் கிழவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று மருமகளிடம் முகம் தெரியாதவர்களெல்லாம் கேட்டார்கள். அவள் முகம் சிவக்கப் பதில் சொன்னாள். சொன்னபின் அவர்கள் போகாமல் நின்றார்கள்.

பெரியவருக்கு இது ஒன்றும் பிடிக்கவில்லை. துணி கொடுக்க வருகிறவன் துணியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நம் வீட்டுப் பெண்ணிடம் இவனுக்கென்ன கேள்வி? படிக்கிறானா, வேவு பார்க்கிறானா? தொண்டையைக் கனைத்துக்கொண்டு கல்லாப் பக்கம் வருவார். "துணி இருக்கா?" என்பார். பாதிப்பேர் அதோடு போய்விடுவார்கள்.

ஆனால் அவரும் படித்துக்கொண்டிருந்தார். மடிக்கிறவன் கண்ணில் படாமல் தாள் எங்கே போகும்? கஞ்சிப் பதத்தை அவள் எழுதியிருந்தது சரி. மழை நாளில் துணி வாடை பிடிக்காமலிருக்க என்ன செய்வார்கள் என்பதும் சரி. ஏழாம் தாள் வரை அவருக்கு உள்ளூரப் பெருமைதான். எட்டாம் தாளில் ஒரு தங்கை வந்தாள். குறி மேசையில் உட்கார்கிறவள். பத்தாம் தாளில் ஒரு வாடிக்கையாளரின் கைக்கடிகாரம் காணாமல் போயிற்று. மடித்துக்கொண்டிருந்த சட்டையை அவர் இரண்டு தடவை பிரித்து மடித்தார். அப்படி நடப்பது அபூர்வம்.

முப்பத்தோரு வருடத்துக்கு முன் அவருக்கும் ஒரு தங்கை இருந்தாள். குறி நான்கு. ஒரு பெரிய வீட்டம்மா கடைக்கு வந்து, கோட்டுப் பையில் இருந்த மோதிரம் திரும்பி வரவில்லை என்றாள். பையைச் சோதித்துக் குறி போடுவது தங்கையின் வேலை. அந்தம்மா முன்னாலேயே, எடுத்தாயா என்று அவர் கேட்டார். இல்லை என்றாள். இன்னொரு தடவை கேட்டார். அவள் உடைமேல் கட்டியிருந்த முன்துணியை அவிழ்த்து, நாலாக மடித்து, மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள். சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தார். வரவில்லை. கேட்டவர்களுக்கு, தூரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டோம் என்று சொன்னார்.

இரண்டு வருடம் கழித்துத் தொட்டியின் கழிவுக் குழாய் அடைத்துக்கொண்டது. ஆவி மூடிக் கல்லை நகர்த்தினார். பெரியவர் கையை விட்டார். நூலும் சவுக்காரக் கசடுமாக வந்த உருண்டைக்குள் மோதிரம் இருந்தது. பொத்திய கையோடு எழுந்தார். மறுநாள் பேர் போடாமல் அந்தம்மாவுக்குத் தபாலில் அனுப்பினார். ஒருவருக்கும் சொல்லவில்லை. கட்டிய மனைவிக்குக்கூட.

பதினொன்றாம் தாளில், நாவலில் வருகிற அண்ணன், அடைத்துக்கொண்ட குழாய்க்குள் கையை விட்டுக் கடிகாரத்தை எடுக்கிறான். கையைப் பொத்திக்கொள்கிறான். யாரிடமும் சொல்வதில்லை.

அந்தத் திங்கட்கிழமை பெரியவர் காலை உணவுக்குப் போகவில்லை. ரொட்டியும் அவித்த முட்டையும் தட்டில் காய்ந்தன. எல்லா மூட்டைகளின் மேல் சட்டைக்குள்ளும் அந்த வாரம் வெள்ளைத் தாள் போயிற்று. அடுத்த வாரம் பன்னிரண்டாம் தாளை ஒன்றும் நடக்காததுபோல் எடுத்து வைத்தார். ஒரு தாள் குறைந்தால் யார் பார்க்கப்போகிறார்கள்? தாளை வாழ்நாள் முழுக்கச் சட்டையின் முதுகுக்குள் மறைத்தே பழகியவர் அவர். மறைந்திருப்பதை எடுத்து, எண் பார்த்து, கயிற்றில் கோக்கிற ஆட்கள் உருவாகிவிட்டார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

யார் சொன்னது? அதுதான் அவரைக் குடைந்தது. மோதிரத்தைக் கடிகாரமாக மாற்றிவிட்டால் தெரியாது என்று நினைத்தாள் போலும். குழாய் விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும்? மனைவியிடம், மருமகளோடு பழைய கதையெல்லாம் பேசுவாயோ என்று போகிற போக்கில் கேட்டுப் பார்த்தார். பேச நேரம் ஏது, நாற்பது பட்டன் கிடக்கிறது என்றாள். ஆவியிடம், நாம் குழாயைத் தோண்டினோமே, ஞாபகம் இருக்கிறதா என்றார். எந்தக் குழாய் முதலாளி, இந்தக் கடையில் அடைக்காத குழாய் எது என்றார் ஆவி, இஸ்திரி இரும்பிலிருந்து கண்ணை எடுக்காமல். கண்ணை எடுக்காததுதான் பெரியவரை உறுத்தியது. கல்லை நகர்த்தியவர் அவர். பக்கத்தில் நின்றவர். இரண்டு வாரம் பெரியவர் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதின்மூன்றாம் வாரம் திங்கட்கிழமை பல் டாக்டர் வந்தார். மழை விட்டுவிட்டுப் பெய்தது. உலராத துணிகள் கூரைக்குக் கீழே வரிசையாகத் தொங்கின. டாக்டர் குனிந்து, ஈரக் காற்சட்டை ஒன்றை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, கயிற்றில் கோத்த தாள்களைக் கல்லாமேல் விரித்தார்.

"அம்மா, எனக்குப் பத்து வந்துது, பன்னெண்டு வந்துது. நடுவுல வெறும் வெள்ளைத் தாள். வர்ற நோயாளிங்க என்னைக் கொன்னு எடுக்கறாங்க. நர்சுங்களுக்கும் வரல, கண்டக்டருக்கும் வரல. பத்துல மேசைகிட்ட நின்ன பொண்ணு பன்னெண்டுல இல்ல. அவ எங்க போனா?"

அந்தக் கேள்வியை அந்தக் கடைக்குள் கடைசியாகக் கேட்டது பெரியவரின் அம்மா.

மருமகள் பதறிப்போனாள். புத்தகத்தில் இருக்கிறது, தருகிறேன் என்றாள். புத்தகமும் வாங்கிக்கொள்கிறேன், ஆனால் தாள் எங்கே போயிற்று, ஊர் முழுக்க ஒரே தாள் எப்படித் தவறும் என்று டாக்டர் விடவில்லை. வேண்டுமென்றே எடுத்திருக்கிறார்கள், அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று காத்திருப்பு அறையில் பேச்சாம். மருமகள், இருநூறையும் எண்ணித் தன் கையாலேயே மேசை ஓரத்தில் வைத்ததாகச் சொன்னாள். சொல்லும்போது அவள் யாரையும் பார்க்கவில்லை. மகன் பார்த்தான். அப்பாவை அல்ல, கொதிகலனை.

"ஆவிண்ணே, காலைல பாய்லர் பத்தவைக்க எதை எடுக்கறீங்க?"

"பழைய பேப்பர்."

"மழைல பழைய பேப்பர் நமுத்துப்போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க. கையில கெடச்சதை எடுத்துப் போட்டிருப்பீங்க. அவ ராப்பகலா ஒக்காந்து எழுதினது. சொல்லிடுங்க, ஒண்ணும் ஆகல. எடுத்தீங்களா இல்லையா?"

"இல்ல தம்பி."

"மறந்திருப்பீங்க. யோசிச்சுச் சொல்லுங்க. எடுத்தீங்களா?"

ஆவி இரும்பைத் தாங்கியில் நிறுத்தினார். முன்துணியின் முடிச்சை அவிழ்த்தார். அதை நாலாக மடித்துப் பலகைமேல் வைத்தார்.

"வெளியாள் முன்னாடி ரெண்டு தடவை கேட்டுட்ட. இனி நான் நிக்கறது மரியாதையில்ல."

படிக்குக் கீழே ஊசி நின்றது.

பெரியவருக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஆவி வாசலைத் தாண்டிவிடுவார். குழாய்க் கல்லை நகர்த்திய ஒரே ஆள் போய்விடுவார். தாளை எரித்தது அவர் என்று ஊர் பேசும். வீட்டு மானம் வீட்டுக்குள் இருக்கும். ஆவி குடையை எடுத்தார். அது சற்றுச் சிக்கியது. அதை விடுவித்துக்கொண்டு வாசல்படியில் கால் வைத்தார்.

"ஆவி, நில்லு."

பெரியவர் குனிந்து மேசைத் துணியின் முடிச்சுகளை அவிழ்த்தார். நான்கு மூலைக்கும் நான்கு முடிச்சு. அந்த மேசை அம்மணமாக நின்று அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. ஒரு போர்வையைத் தூக்கினார். இரண்டாவது. மூன்றாவதுக்குக் கீழே இருநூறு தாளும் இருந்தன, அச்சகத்திலிருந்து வந்தபோது இருந்ததைவிடத் தட்டையாக.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, நான் அப்புறம் வருகிறேன் என்று தாள்களைச் சுருட்டப் போனார்.

"இருங்க டாக்டர்," என்றார் பெரியவர். "அவளை அனுப்பினதும் வெளியாள் முன்னாடிதான்." பிறகு மருமகளிடம் திரும்பினார். "உனக்கு யார் சொன்னது? உங்க அத்தையா, ஆவியா?"

"என்ன சொன்னது மாமா?"

"மறைக்காதே. மோதிரத்தைக் கடிகாரம்னு எழுதிட்டா எனக்குத் தெரியாதா?"

"எந்த மோதிரம் மாமா?"

இரும்பு தாங்கியில் ஒரு தடவை புஸ்ஸென்றது. பெரியவர் மகனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். சொல்லிக்கொடுத்த அடையாளம் இருவர் முகத்திலும் இல்லை. தான் சொல்லிவிட்டதை அப்போதுதான் தானே கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள் மருமகள். "மூணு இருக்கு, அஞ்சு இருக்கு, நாலைக் காணோம். அந்த நாலு ஒரு பொண்ணா இருந்தா எப்படி இருக்கும்னு நெனச்சேன். சலவைக் கடைல ஒரு பொண்ணு மேல என்ன பழி வரும்? பையில இருந்த சாமான்தான். தொலைஞ்சது எங்கயாவது கெடைக்கணும். இங்க வேற எங்க கெடைக்கும், குழாய்லதான்."

"கெடச்சதை அவன் ஏன் சொல்லல?"

"சொல்லிட்டா அவ திரும்பி வந்துடுவாளே. கதை அங்கயே முடிஞ்சுபோயிடும். எனக்கு இன்னும் இருபது அத்தியாயம் வேணும் மாமா. அதுக்காகத்தான் அவனை ஊமையாக்கினேன்."

பெரியவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சொல்ல வேண்டியதை நின்றுகொண்டே சொன்னார், மூட்டையை வரிசையாகப் பிரிப்பது போல. அந்தம்மா வந்தது, தான் இரண்டு தடவை கேட்டது, குழாய், தபால்.

"மோதிரத்தை அந்தம்மாவுக்கு அனுப்பிட்டேன். தங்கச்சிகிட்டப் போய்ச் சொல்லல. சொன்னா தப்பு என் மேலன்னு ஆயிடும். கடை பேர் என்னாகும்னு நெனச்சேன்."

"கெடச்சுதா?" என்றாள் அவர் மனைவி. அவ்வளவு மெல்ல அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"இருபத்தொம்பது வருஷம் ஆச்சு."

"அன்னைக்கு அவளுக்குப் போட்டு வெச்ச தட்டை நான் சாயங்காலம் வரைக்கும் எடுக்கல," என்றாள். பிறகு பட்டனைத் துணியில் வைத்தாள். ஊசி எங்கே என்று மடியைத் தடவினாள். அது அவள் கையிலேயே இருந்தது.

ஆவி குடையை ஆணியில் மாட்டினார். முன்துணியை உதறிக் கட்டிக்கொண்டார். "இரும்பு காயுது முதலாளி," என்றார், அவ்வளவுதான். மகன் அவர் பக்கத்தில் போய் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். தள்ளி நில்லு தம்பி, சுடும் என்றார் ஆவி. அன்று குழாய்ப் பக்கம் அவர் எதையாவது பார்த்தாரா என்று பெரியவர் கேட்கவில்லை. ஆவியும் சொல்லவில்லை. இன்றுவரை அப்படித்தான்.

மருமகள் தாள் கட்டின்மேல் கையை வைத்தாள். அந்தக் கல்லாவில் நின்று கேட்டவர்கள் ஒவ்வொருவரையும் வருடக்கணக்கில் காத்திருந்து சம்பாதித்தவள் அவள். சொன்னாள்:

"இதைக் கிழிச்சுப் போட்டுடறேன் மாமா. புத்தகத்தையும் நிறுத்திடறேன். பொட்டியைத் திரும்பக் கட்டிடலாம்."

பெரியவர் கயிற்றில் கோத்திருந்த டாக்டரின் தாள்களைப் பார்த்தார். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் வெள்ளையாக ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அதைக்கூட டாக்டர் எறியாமல் கோத்து வைத்திருந்தார்.

"நிறுத்தினா இன்னொரு வெள்ளைத் தாள்," என்றார். "கடிகாரம் கடிகாரமாவே இருக்கட்டும். கையை எடு. மடிப்பு என் வேலை."

போர்வைகளை விரித்து, துணியை இழுத்துக் கட்டி, அந்த வாரத்து மூட்டைகள் அத்தனைக்கும் பதினொன்றாம் தாளைத் தன் கையால் வைத்தார். முதல் தாள் டாக்டருக்கு. பையில்லாததால் டாக்டர் அதைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு மழையில் ஓடினார்.

அதன்பின் மாடிப்படிக்குக் கீழே இருந்த பெட்டிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கண்டக்டர் மூன்று வாங்கினார், பஸ்ஸில் விற்றுத் தருவதாக. நர்சுகள் ஆறு பேரும் தனித்தனியாக வாங்கினார்கள். ஒன்றை ஆறு பேர் படித்தால் அழுகிற இடத்தில் சண்டை வருகிறதாம். புத்தகக் கடைக்காரர் காலண்டர்களைப் பின்னால் தள்ளிவைத்தார். கல்லாவில் நின்று கேள்வி கேட்கிறவர்களைப் பார்த்துப் பெரியவர் இப்போதும் தொண்டையைக் கனைக்கிறார். துணி இருக்கிறதா என்று கேட்பதில்லை.

முதல் வாரமே அவர் மருமகளிடம் ஒரு பிரதி கேட்டு வாங்கினார். அட்டையின் உள்பக்கம், காலரில் போடுவதுபோல, அழியாத மையில் நான்கு என்று போட்டார். பழுப்புத் தாளில் சட்டை மாதிரி மடித்துக் கட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினார். முகவரியை யாரிடமும் கேட்கவில்லை. அது அவருக்கு முப்பது வருடமாகத் தெரியும்.

இந்தக் கதைக்குக் கைகால் முளைத்துவிட்டது. தாளை ஒளித்துவைத்தது விற்பனைக்காக மருமகள் போட்ட நாடகம் என்கிறார்கள். அல்ல. பெரியவர் பாதித் தாளை எரித்துவிட்டார் என்கிறார்கள். எரிக்கவில்லை, இருநூறும் போய்ச் சேர்ந்தன. புத்தகத்தைப் படித்துவிட்டுத் தங்கை அண்ணனை மன்னித்துப் பத்துப் பக்கம் கடிதம் எழுதினாள், அதை நானே கண்ணால் பார்த்தேன் என்று ரொட்டிக் கடைக்காரர் சொல்கிறார். கடிதம் எதுவும் வரவில்லை. வந்தது தபால்காரர் கொண்டுவந்த ஓர் ஒப்புகை அட்டை. அது மூன்றாம் போர்வைக்குக் கீழே இருக்கிறது. அதில் உள்ள கையெழுத்து அவளுடையதா, வாசலுக்கு வந்து வாங்கிய வேறு யாருடையதா என்று பெரியவருக்குத் தெரியாது.